காளான் டெய்லருக்குத் தெரியாத நிறம்

கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்தக் காளான் டெய்லரிடம் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தளர்த்துவதற்கு முன்னால், அது ஏன் இறுகியது என்று அவர் விசாரிப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். காலையில் எத்தனை மணிக்கு, எப்படி, எவ்வளவு என்று பெற்ற தாயே கேட்கக் கூசுகிற கேள்விகளை, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாலு பேர் முன்னால் கேட்பார். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுப்பார்.

"ஒரு மூடி, வெறும் வயித்துல. ஒரு மாசம் கழிச்சு இதே இடுப்பைப் பிடிச்சுக் குடுங்கன்னு நீங்களே வருவீங்க" என்பார்.

ஒரு மாதம் கழித்து அப்படி யாரும் வந்ததில்லை. ஆனாலும் பாட்டிலை வாங்காமல் போனவர்களும் குறைவு. கால்சட்டை அவர் கையில் இருக்கும்போது எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

கடை பத்தடிக்கு எட்டடி. வாசலைப் பார்த்து அவருடைய மிஷின், சுவரைப் பார்த்து அவர் வீட்டம்மாவின் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேசை. மேசைக்கு அடியில் வெட்டுத் துண்டுகளைத் திணித்த சாக்கு. சுவரில் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் நூல்கண்டுப் பெட்டி, பொத்தான் டப்பா, கோடு போடும் சாக்பீஸ். மேல்தட்டில் மருந்து பாட்டில்கள்: இருமலுக்கு, வாயுவுக்கு, முடி கொட்டுவதற்கு, கொட்டி முடித்த பிறகு வரும் கவலைக்கு. அவருடைய மருந்து பலித்ததே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். தானாகவே சரியாகிவிடக்கூடிய வியாதி எதையும் அவர் விட்டுவைத்ததில்லை, எல்லாவற்றையும் குணப்படுத்தியிருக்கிறார்.

இந்தக் கிறுக்கு பிறவியில் வந்தது இல்லை. நாற்பது வயது வரைக்கும் அவர் உண்டு, மிஷின் உண்டு என்றுதான் இருந்தார். ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். சும்மா நடப்பது அவருக்கு ஆகாத காரியம். வேலை வெட்டி இல்லாதவன் என்று யாராவது நினைத்துவிட்டால்? அதனால் போகிற வழியில் இலை, தழை, பட்டை என்று எதையாவது பறித்து வரத் தொடங்கினார். பறித்து வந்ததைக் காய்ச்ச வேண்டியதாயிற்று. காய்ச்சியதைக் குடிக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. வைத்தியர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள் போலிருக்கிறது.

ஊருக்கு வெளியே, மூடிக் கிடந்த ஆலைக்குப் பின்னால் ஒரு புல்வெளி உண்டு. ஒரு மழைக்காலக் காலையில் அங்கே காளான்களைப் பார்த்தார். யாரோ வட்டம் போட்டு நட்டுவைத்தது போல, புல் நடுவே வெள்ளை வெள்ளையாக முப்பது நாற்பது. அன்றைக்கு மனுஷன் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். முழங்கால் இரண்டிலும் சேறு. முகத்தில், இருபது வருஷ வாடிக்கைக்காரர்கள் யாரும் பார்த்திராத ஒரு களை.

மருந்தில் அவர் அரைகுறை. காளானில் அப்படி இல்லை. நூலகத்தில் இருந்த மூன்று புத்தகங்களை அட்டை கழன்று போகிற அளவுக்குப் படித்தார். ஒரு காளானைக் கண்டால் குடையைத் திருப்பிப் பார்ப்பார். தண்டை நகத்தால் கீறுவார். முகர்ந்து பார்ப்பார். அடியில் பை மாதிரி ஏதாவது புதைந்திருக்கிறதா என்று விரலை விட்டு மண்ணைத் தோண்டுவார். கழுத்தில் வளையம் இருந்தால் அது நகருமா நகராதா என்று ஆட்டிப் பார்ப்பார். இந்தப் பொறுமையில் பாதியைக் காலர் தைப்பதில் காட்டக்கூடாதா என்று கேட்ட வாடிக்கைக்காரர்கள் உண்டு. அவருக்குக் காது கேட்கவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது, அதுவும் சாதாரணக் குறை இல்லை. அவருக்குப் பச்சை தெரியாது.

பச்சை, பழுப்பு, மங்கிய சிவப்பு எல்லாம் அவர் கண்ணுக்கு ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். எது மூத்தது எது இளையது என்று கண்டுபிடிக்க முடியாது. பதினேழு வயதில் தொழில் பழகிய இடத்தில், பழுப்புக் கோட்டுக்கு இலைப்பச்சைப் பொத்தான்களை வரிசையாக வைத்துத் தைத்து முடித்தார். முதலாளி மரஸ்கேலால் ஒன்று போட்டார். "வெளிச்சம் பத்தலைங்க" என்றார் இவர். அன்றிலிருந்து எந்தக் கடையிலும், எந்த உச்சிவெயிலிலும், அவருக்கு வெளிச்சம் போதியதே இல்லை.

வேறு தொழில் பார்த்திருக்கலாம்தான். ஆனால் கை பழகிவிட்டது, பிழைப்பும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமான இரண்டாவது மாதம் வீட்டம்மாவுக்கு ஆசையாக ஒரு துணி எடுத்து வந்தார். "உன் நிறத்துக்கு இந்தச் செம்மண் கலர் எடுப்பா இருக்கும்" என்றார். பிரித்துப் பார்த்தால் கிளிப்பச்சை. அந்த அம்மா மூன்று நாள் அடக்க முடியாமல் சிரித்தார். நாலாவது நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து, தாளைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தின் பெயரை எழுதி, கடையில் இருந்த எல்லா நூல்கண்டுகளின் அடியிலும் பசை தடவி ஒட்டினார். விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் புது நூல்கண்டு வந்தால் முதலில் அந்த அம்மா கைக்குத்தான் போகும். டெய்லரின் நிறப் பொருத்தம் பிரமாதம் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சுகூட உண்டு.

காளானிலும் இதே ஏற்பாடுதான். பறித்துவந்த காளானின் குடையைத் தண்டிலிருந்து ஒடித்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒட்டிய தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடித் தம்ளரை மூடி வைப்பார். ஐந்தாறு மணி நேரத்தில் குடையின் மடிப்புகளிலிருந்து பொடி உதிர்ந்து தாளில் படிந்திருக்கும். அந்தப் பொடியின் நிறத்தில்தான் காளானின் ஜாதகம் இருக்கிறது. வெள்ளையாக விழுந்தால் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். அந்தக் கூட்டத்தில் நல்லதும் உண்டு, ஆளைக் கொல்லுகிறதும் உண்டு. அந்த வம்புக்கே அவர் போவதில்லை. கறுப்புத் தாளில் வெள்ளை விழுந்தது அவர் கண்ணுக்கே தெரியும். சிக்கல் மற்ற இரண்டில். அந்தப் புல்வெளியில் வட்டம் போட்டு முளைக்கும் காளானில் இரண்டு வகை. பழுப்புப் பொடி விழுகிறது நல்ல ஜாதி, கறியைப் போலிருக்கும். பச்சைப் பொடி விழுகிறதைத் தின்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மேலும் கீழும் பிடுங்கிக்கொள்ளும். உயிர் தப்பும் என்று புத்தகம் சொல்கிறது, ஆனால் தப்பியதற்குச் சந்தோஷப்பட முடியாது.

தாளைக் கொண்டுபோய் வீட்டம்மாவின் மிஷின் மேல் வைப்பார். அந்த அம்மா கால் மிதிப்பதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்து, "பழுப்பு" என்பார். அல்லது, "பச்சை, தூக்கிப் போடுங்க" என்பார். ஏழு வருஷத்தில் ஒரு தடவை தப்பியதில்லை. டெய்லர் உடனே வாசலுக்கு வந்து, "நான் பார்த்துட்டேன், பழுப்புதான்" என்று அறிவிப்பார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது, இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. சமைத்த காளானை முதலில் தான் மட்டும் தின்பார். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் பரிமாறுவார்.

இந்தப் பெயரில்தான் அவர் மூலிகை வட்டத்துக்குத் தலைவர் ஆனார். வட்டம் என்றால் பதினோரு பேர். பள்ளிக்கூடத்து டீச்சர், தபால்காரம்மா, இரண்டு ரிட்டயரான கணக்குப் பிள்ளைகள், இன்னும் சிலர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் பின்அறையில் கூடுவார்கள். இந்த மழைக்காலத்துக்குத் தலைவர் ஒரு காளான் விருந்தே அறிவித்திருந்தார். அதோடு விட்டாரா? எதிர்க் கடை மெடிக்கல்காரரையும் போய்க் கூப்பிட்டார். பத்து வருஷமாக இவருடைய பாட்டில்களை "ஆத்துத் தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருக்கிற மனுஷன் அவர். "வந்து சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் உங்க மாத்திரை டப்பாவை நீங்களே மூடிருவீங்க" என்று சவடால் விட்டுவிட்டு வந்தார்.

சரியாக இந்த நேரத்தில்தான் மைத்துனர் சமாசாரம் நடந்தது.

வீட்டம்மாவின் தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருக்கு மூன்று நாளாக வயிறு கட்டிக்கொண்டிருந்தது. அதை அக்காவிடம் சொன்னார். சொன்னதில் தப்பில்லை, மாமா காதில் விழும்படி சொன்னதுதான் தப்பு. ஒரு மூடி என்று ஆரம்பித்த டெய்லர், ஆளின் உடம்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று மூடி ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை பத்தேகாலுக்கு, நாற்சந்தியின் நட்டநடுவில், ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் "கிளச்சை விடாதீங்க, விடாதீங்க, விட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மைத்துனர் கதவைத் திறந்து குதித்து, எதிரே இருந்த பெட்ரோல் பங்கின் கழிப்பறையைப் பார்த்து ஓடினார். அந்தப் பெண்மணி விட்டுவிட்டார். கார் துள்ளிக்கொண்டு போய் ஒரு பழவண்டியில் முட்டி நின்றது.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க" என்றார் வீட்டம்மா.

"எதுக்கு? கட்டியிருந்துச்சு, போச்சா இல்லையா? மருந்து வேலை செஞ்சதுக்கு மன்னிப்பா?"

"ஊரே பார்த்துச் சிரிச்சிருக்குங்க."

"சிரிக்கிறவங்களுக்கு வயித்து வலின்னா என்னன்னு தெரியாது."

வீட்டம்மா ஊசியிலிருந்து நூலை உருவினார். மிஷினை மூடினார். "சரி. அவன்கிட்ட நீங்க மன்னிப்புக் கேக்குற வரைக்கும், உங்க காளானுக்கு என் கண்ணு கிடையாது" என்றார்.

சொன்னால் சொன்னதுதான். சாப்பாடு போட்டார், கடைக்கு வந்தார், பேசினார், துணிக்கு நூல் கேட்டால் எடுத்துக் கொடுத்தார். காளான் என்ற வார்த்தை வந்தால் மட்டும் ஊமை. டெய்லரும் வீம்புக்குக் குறைந்தவர் இல்லை. நூலுக்கும் இனிமேல் உன்னைக் கேட்கப் போவதில்லை என்று மனசுக்குள் சபதம் செய்துகொண்டார். அந்தச் சபதம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

ஒரு வாரம் விடாத மழை. கூரை ஒழுகி, தண்ணீர் நூல்கண்டுப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. டெய்லர் காலையில் கடையைத் திறந்து பார்க்கிறார், அடியில் ஒட்டியிருந்த சீட்டுகளில் ஒன்பது கழன்று தண்ணீரில் மிதக்கிறது. வீட்டம்மா வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் அந்த அம்மா ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்திருப்பார். இவர் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் கையில் புரண்ட நூல், எது எந்த மூலையில் இருந்தது என்று எனக்கா தெரியாது? சீட்டுகளைத் துடைத்தார், விசிறிக் காயவைத்தார், பசை தடவினார், ஒன்பதையும் தானே ஒட்டினார். ஒட்டிவிட்டு ஒரு பெருமூச்சு வேறு. ஏழு சரியாகத்தான் ஒட்டினார் என்பதை அவர் மரியாதைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

அதே நாள் மெடிக்கல்காரர் ஒரு புதுப் பழுப்புக் கால்சட்டையைக் கொண்டுவந்து நீளம் குறைக்கக் கொடுத்தார். விருந்துக்குப் போட்டு வருவதற்காம். டெய்லர் "பழுப்பு" என்று எழுதியிருந்த கண்டைப் பார்த்து எடுத்து, ரோஷத்தோடு இரட்டைத் தையல் போட்டு, வீட்டம்மா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மடித்துக் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை மழை விட்டது. ஆலைக்குப் பின்னால் போனவர் அசந்துபோனார். புல்வெளி முழுக்க வட்டம் வட்டமாகக் காளான். இரண்டு கூடை நிறையப் பறித்தார். கடையில் கொண்டுவந்து ஆறு குடைகளைத் தாளில் கவிழ்த்து ஆறு தம்ளர் மூடினார். வீட்டம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம், "நான் தம்பி வீட்டுக்குப் போயிட்டு வரேன். நீங்களும் வரீங்களா?" என்று மட்டும் கேட்டார். நாளைக்கு விருந்து, இன்றைக்கு நிறம் தெரிந்தாக வேண்டும், மனுஷன் வழிக்கு வந்தே தீருவார் என்பது அந்த அம்மாவின் எண்ணம். அது டெய்லருக்கும் தெரியும்.

"வேலை இருக்கு" என்றார்.

நாலு மணிக்குத் தம்ளர்களைத் தூக்கினார். ஆறு தாளிலும் அழகாக, விசிறி மடிப்புப் போல, கோடு கோடாகப் பொடி. வெள்ளை இல்லை, அது நிச்சயம். பழுப்பா, பச்சையா? வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பழுப்பு நூல் ஒன்றையும் பச்சை நூல் ஒன்றையும் எடுத்துப் பொடிக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒரே முகத்தோடு அவரைப் பார்த்தன.

யாரிடமாவது "இது என்ன நிறம்" என்று கேட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அம்பது வயது தையல்காரர் அப்படிக் கேட்டால், கேட்டவன் ஊர் முழுக்கப் பரப்ப மாட்டானா? இப்படி அவர் தாளும் கையுமாகத் தவித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்தார், சட்டைக் கை இறுக்குகிறது என்று. டெய்லரின் மூளை அன்றைக்கு ஒரு தடவை நன்றாக வேலை செய்தது.

"டீச்சர், இந்தப் பொடிக்குப் பொருத்தமா இந்தப் பெட்டியிலிருந்து ஒரு நூல் எடுத்துக் குடுங்க. வெளிச்சம் பத்தலை."

டீச்சர் தாளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், யோசிக்காமல் ஒரு கண்டை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, அப்படியே அச்சு அசல்."

டெய்லர் கண்டைத் திருப்பி அடியைப் பார்த்தார். வீட்டம்மாவின் குண்டுக் குண்டு எழுத்தில் "பழுப்பு" என்று இருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் டீச்சரின் சட்டைக் கையைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து அவரே சமைத்தார். வீட்டம்மா அடுப்படிக்கு வந்து பாத்திரங்களைப் பார்த்தார்.

"யாரு பார்த்துச் சொன்னா?" என்று கேட்டார். பன்னிரண்டு நாளில் காளானைப் பற்றி அந்த அம்மா பேசிய முதல் வார்த்தை.

"ஊர்ல உனக்கு மட்டும்தான் கண்ணு இருக்கா?"

வீட்டம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு மறுபடி தம்பி வீட்டுக்கே போய்விட்டார். டெய்லருக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் வறுவல் அந்த நேரம் பார்த்து நல்ல மணமாக வெந்துகொண்டிருந்தது, மனம் அதில் போய்விட்டது. பத்தேகாலுக்குத் தன் வழக்கப்படி ஒரு தட்டு நிறையத் தின்றார். அப்பேர்ப்பட்ட ருசி. இன்னொரு கரண்டியும் போட்டுக்கொண்டார்.

ஒன்றேகாலுக்கு நூலகத்தின் பின்அறையில் பதினோரு பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாத்திரத்தில் காளான் சூப், இன்னொன்றில் வறுவல். டெய்லர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். வயிற்றில் லேசாக ஏதோ புரண்டது. மேடைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மெடிக்கல்காரர் உள்ளே வந்தார். நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தார்.

"யோவ் டெய்லரே, என்னய்யா தைச்சு வச்சிருக்க?" என்று ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். "வீட்ல விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. பழுப்பு பேண்ட்டுக்குப் பச்சை நூலா? அதுவும் ரெட்டைத் தையல்!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தபால்காரம்மா முதலில் சிரித்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். டெய்லர் சிரிக்கவில்லை. குனிந்து அந்தத் தையலைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. நல்ல தையல். ஆனால் அந்த நூல் எந்தக் கண்டிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். நேற்று டீச்சர் எடுத்துக் கொடுத்ததும் அதே கண்டுதான். அடியில் இருந்த சீட்டு அந்த அம்மா எழுதியது, ஒட்டிய கை இவருடையது.

டீச்சர் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரத்திலும் மனுஷன் முதலில் நினைத்தது தன் மானத்தைத்தான். உதவி செய்கிற பாவனையில் போய், கால் தடுக்கியது போல மேசையில் சாய்ந்து, சூப்புப் பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்தார். ஐயையோ என்று எல்லோரும் காலைத் தூக்கினார்கள். ஆனால் வறுவல் பாத்திரம் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது.

"பரவாயில்லை டெய்லர், மெயின் அயிட்டம் இருக்கே" என்று டீச்சர் அதில் கரண்டியை விட்டு முதல் தட்டில் போட்டார். அது மெடிக்கல்காரரின் தட்டு.

மெடிக்கல்காரர் ஒரு துண்டை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பத்து வருஷமாக இந்த ஆளுக்குத் தன் கையால் எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்று டெய்லர் ஆசைப்பட்டதுண்டு.

"போடுங்க கீழ!" என்று கத்தினார். "யாரும் வாயில வைக்காதீங்க. அது விஷம்."

மெடிக்கல்காரர் துண்டைத் தட்டிலேயே போட்டார்.

"என்ன டெய்லர், விளையாட்டா? நீங்களே பார்த்தீங்களே, பழுப்புன்னு சொன்னீங்களே?" என்றார் தபால்காரம்மா.

"நான் பார்க்கலை" என்றார் டெய்லர். "எனக்குப் பச்சை தெரியாதுங்க. பழுப்பும் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். இத்தனை வருஷமா நூலும் சரி, காளானும் சரி, எல்லாம் வீட்ல பார்த்துச் சொன்னது. இந்தத் தடவை அவளைக் கேக்கலை."

டீச்சர் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "நேத்து நான் எடுத்துக் குடுத்தது பச்சை நூல்தானே? பாசிப் பச்சை."

"எனக்குப் பழுப்புன்னு இருந்துச்சு டீச்சர்" என்றார் டெய்லர். அழுதுவிடுவார் போலிருந்தது. முப்பத்திமூன்று வருஷம் மூடி வைத்ததைத் தானே திறந்து காட்டிவிட்ட கேவலம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மெடிக்கல்காரர் மட்டும் காளானை விட்டுவிட்டு ஆளை உற்றுப் பார்த்தார். "நீ சாப்பிட்டியாய்யா?"

"பத்தேகாலுக்கு."

"எவ்வளவு?"

"ஒரு தட்டு. அப்புறம் ஒரு கரண்டி."

பதில் சொல்லி முடித்ததும் அவர் வயிறும் தன் பதிலைச் சொல்லத் தொடங்கியது. அதற்கப்புறம் அந்தப் பின்அறையில் நடந்ததை விவரித்தால் படிக்கிறவர்கள் சாப்பாட்டை வைத்துவிடுவார்கள். மெடிக்கல்காரர் கடைக்கு ஓடி உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். அதில் என்ன சேர்மானம், வெறும் வயிற்றிலா என்று ஒரு கேள்வியும் கேட்காமல் டெய்லர் குடித்தார். குடித்தது உள்ளே நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

பக்கத்தில் இருந்த வண்டி டிரைவிங் ஸ்கூல் வண்டிதான். போன் போட்ட ஐந்தாவது நிமிஷம், கூரையில் பெரிய போர்டோடு கார் வந்து நின்றது. மைத்துனர் ஓட்டி வந்தார், பின்சீட்டில் வீட்டம்மா. டெய்லரைத் தூக்கி உள்ளே போட்டார்கள். முன்சீட்டில் மெடிக்கல்காரர், பச்சைத் தையல் போட்ட கால்சட்டையோடு.

வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது டெய்லருக்கு வயிற்றைவிட அதிகமாக வலித்தது. முந்தானையால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்சந்தி வந்தது. அந்தப் பெட்ரோல் பங்க் ஜன்னல் வழியாகப் போயிற்று.

"மாப்ள" என்றார் டெய்லர்.

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு உனக்கு மூணு மூடி குடுத்திருக்கக் கூடாது. தப்பு என்மேலதான். மன்னிச்சிரு."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மாமா, முதல்ல ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றார் மைத்துனர். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சீட் உறை வீணாய்ப் போனது. மைத்துனர் கிளச்சை மட்டும் பதமாக விட்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி பாட்டில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் பொறுத்துத்தான் புரட்டல் அடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் பெரிய டாக்டர். அவருக்குப் பின்னால் ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தார். கையில் அட்டை, அட்டையில் கேள்விகள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"காளான்."

"எங்க வாங்கினது?"

"வாங்கலை. நானே பறிச்சது."

டாக்டரம்மா நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "கடைசியா வாந்தி எடுத்தீங்களே, அது என்ன கலர்ல இருந்துச்சு?"

டெய்லர் வாயைத் திறந்தார். வெளிச்சம் பத்தலை என்ற வார்த்தை பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தலைக்கு மேலே இரண்டு ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தன. அவர் மெல்லத் தலையைத் திருப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வீட்டம்மாவைப் பார்த்தார்.

அந்த அம்மா பன்னிரண்டு நாள் வீம்பைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பிறகு, "பச்சை" என்றார்.

"அம்மா, நீங்க இருங்க. பேஷண்ட் வாயால சொல்லட்டும்" என்றார் டாக்டரம்மா.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், எழுதிக்கங்க" என்றார் டெய்லர்.